குளத்தில் குதிக்குமுன்

இலங்கை குளங்களால் வளர்ந்த நாடு. மகாசேன மன்னன் கட்டுவித்த மின்னேரியாக் குளமும், 12 ஆம் நூற்றாண்டிலே பராக்கிரமபாகு மன்னன் பெருக்கி அமைத்த பராக்கிரம சமுத்திரமும், கிளிநொச்சி வயல்களுக்கு வாழ்வளிக்கும் இரணைமடுவும் நமது நெல்லுக்கும் மீனுக்கும் ஆதாரமாய் விளங்குகின்றன. பள்ளி விடுமுறை வந்துவிட்டால் இளைஞர் கூட்டமாகச் சென்று, வள்ளமேறி, கரையை விட்டு விலகியதும் நீரிலே குதித்து விளையாடுவதைக் காண்கிறோம். உடலுக்கும் உள்ளத்துக்கும் உவகை தரும் விளையாட்டுத்தான். ஆயினும் அந்த ஒரு கணப் பாய்ச்சலினால் உயிரிழந்தோரும், உயிர் தப்பியும் கழுத்துக்குக் கீழே அசைவின்றி ஆயுள் முழுவதையும் படுக்கையிலே கழிப்போரும் உலகெங்கும் உளர். நீந்தத் தெரியாதவர் நீரில் மூழ்குவது யாவரும் அறிந்த ஆபத்து. நன்றாக நீந்தத் தெரிந்தவனையே தேடிப் பிடிக்கும் ஆபத்தும் ஒன்றுண்டு. படகிலிருந்து குளத்தினுள் பாய்வதிலே மறைந்திருக்கும் அந்த ஆபத்தைப் பற்றியே இன்று ஆராய்வோம்.

முதலிலே குளத்தின் அடி எத்தகையது என்று பார்ப்போம். நகரத்து நீச்சற்றடாகத்தின் தரை சமமாகக் கட்டப்பட்டது. ஆழம் இவ்வளவு என்று அதன் விளிம்பிலே எழுதப்பட்டிருக்கும், நீரும் தெளிந்திருக்கும். நமது குளங்களும் நீர்த்தேக்கங்களும் அவ்வாறானவை அல்ல. ஓடும் நீரை அணையினால் மறித்து, நிலத்தின்மேல் தேக்கி வைத்ததனால் உண்டானவை அவை. அணை கட்டுமுன் அந்நிலத்திலே என்னென்ன இருந்தனவோ அவற்றுட் பல இன்றும் நீருக்கடியிலே இருக்கின்றன.

மலைநாட்டிலே மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1960 ஆம் ஆண்டுகளிலே அமைக்கப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் ஆழ்ந்தது. வறட்சிக் காலத்திலே நீர் வற்றும்போது அங்கிருந்த கோயிலும் பிற கட்டடங்களும் சேற்றிலிருந்து மெல்ல வெளிப்படுகின்றன. மக்கள் திரளாகச் சென்று பார்த்து வருகின்றனர். 1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்தினுள்ளே பழைய தெல்தெனியா நகரம் கிடக்கின்றது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தினால் இங்கினியாகலையில் எழுந்த சேனாநாயக்க சமுத்திரத்திலே, முன்னாளிற் காடாயிருந்த நிலமும் மரங்களும் மூழ்கின. பட்ட மரங்கள் சில நீருக்குமேல் தலைநீட்டி நிற்பதைக் காணலாம். தலைநீட்டி நிற்கும் மரம் நமக்கு எச்சரிக்கை செய்கின்றது. நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே முறிந்து நிற்கும் அடிமரமோ எவ்வித எச்சரிக்கையும் செய்வதில்லை. சுவர் ஒன்றன்மீதோ மரக்கட்டை ஒன்றன்மீதோ தன் வள்ளம் மிதந்துகொண்டிருப்பதை அதில் இருப்பவன் அறியான்.

பழைய குளங்களிலும் இந்நிலை உண்டு. குளக்கட்டின் உட்புறத்திலே, அலைகள் மண்ணை அரித்துவிடாதவாறு கற்கள் பதிக்கப்பட்டிருக்கும். அக்கல்வரிசை நீரினுள்ளும் சரிந்து செல்கின்றது. கட்டுக்கு அருகே வள்ளத்தை நிறுத்திக் குதிப்பவன் அக்கற்களின் மேலேயே குதிக்கின்றான். குளத்தினுள் ஆறு வந்து விழும் இடத்திலோ ஒவ்வொரு மழைக்காலத்திலும் புதிய மணல் வந்து படிகின்றது. சென்ற ஆண்டு மடுவாயிருந்த இடம் இவ்வாண்டு திட்டாகியிருத்தல் கூடும்.

இவற்றோடு பருவ மாற்றத்தையும் கருதல் வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்றின் மழையினால் மார்கழி, தை மாதங்களிலே உலர்வலயக் குளங்கள் நிரம்பி வழிகின்றன. பின்பு வயலுக்கு நீர் திறந்துவிடப்படுகின்றது. வெயிலும் தன் பங்கினைக் குடிக்கின்றது. ஆவணி, புரட்டாதியிலே பல குளங்களின் நீர்மட்டம் பல அடி தாழ்ந்துவிடும். தைப்பொங்கலன்று பன்னிரண்டடி நீர் நின்ற இடத்திலே ஆவணியில் நான்கடி நீரே நிற்கலாம். மேலேயிருந்து நோக்குவோனுக்கு இரண்டும் ஒரே நீர்ப்பரப்பாகவே தோன்றும். “நான் சென்ற முறையும் இந்த இடத்தில்தானே குதித்தேன்” என்னும் நம்பிக்கை இங்கேதான் பொய்த்துப்போகின்றது.

கண்ணினாற் பார்த்து ஆழத்தை மதிக்கலாகாதோ என்று சிலர் கேட்கக்கூடும். கண் இங்கே இருவகையில் ஏமாற்றுகின்றது. நீரிலிருந்து காற்றினுள் வரும் ஒளிக்கதிர் வளைகின்றது. இதனை ஒளிமுறிவு என்பர். இதன் பயனாகத் தெளிந்த நீரின் அடி உள்ளபடியன்றி உயர்ந்து தோன்றும். நேர் மேலே நின்று நோக்கினால் நான்கடி ஆழம் மூன்றடி போலத் தென்படும். சாய்ந்து நோக்கினால் இன்னும் குறைந்து தோன்றும். எனவே, நீந்தத் தெரியாத சிறுவன் இடுப்பளவு நீர் என்று எண்ணி இறங்கிக் கழுத்தளவு நீரில் அகப்படுகின்றான். கலங்கிய நீரிலோ இதற்கு மாறான மயக்கம் உண்டாகின்றது. அடி தெரியாமையினாலே அது மிக ஆழமானது என்று மனம் முடிவு செய்துவிடுகின்றது. நமது குளங்களின் நீர் ஆண்டின் பெரும்பகுதியும் பாசியாலோ வண்டலாலோ கலங்கியே இருக்கும். அந்நீரின் கருமையை ஆழமென்று நம்பித் தலைகீழாகப் பாய்பவன் மூன்றடியிலே மணலைச் சந்திக்கின்றான்.

அச்சந்திப்பு எத்துணை வன்மையுடையது? பௌதிகக் கணக்கு இதற்கு விடை தருகின்றது. 1 மீற்றர் உயரத்திலிருந்து விழும் உடல் நீரைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 16 கிலோமீற்றர் வேகத்தை அடைந்திருக்கும். 3 மீற்றர் உயரத்திலிருந்து விழுமாயின் அவ்வேகம் 28 கிலோமீற்றராகும். சிறுவள்ளத்தின் விளிம்பு நீருக்குமேல் ஓரிரண்டு அடியே இருப்பினும், அவ்விளிம்பில் எழுந்து நின்று உந்திப் பாய்பவனுடைய தலை அதனினும் மிக்க உயரத்திலிருந்தே புறப்படுகின்றது. தலைமேற் கைகுவித்து ஒழுங்காகப் பாயும் உடலை நீர் உடனே தடுப்பதில்லை. அது அம்பு போல ஊடுருவிச் செல்கின்றது. அழகாகப் பாயக் கற்றவன் இன்னும் ஆழமாகச் செல்கின்றான். விரல் நுனி நீரைத் தொட்டதற்கும் தலை தரையில் மோதுவதற்கும் இடையே ஒரு விநாடி நேரமும் செல்லாது. கையை முன்னே நீட்டியிருந்தாலும் ஈரமணலிலே கை வழுக்கி விலகிவிட, உச்சந்தலையே அடியை ஏற்கின்றது.

மோதும்போது தலை நின்றுவிடுகின்றது; பின்னால் வரும் உடலின் பாரம் நிற்பதில்லை. அப்பாரம் முழுவதும் கழுத்தின்மேல் இறங்குகின்றது. கழுத்திலே 7 முள்ளென்புகள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் நடுவே, சிறுவிரலளவு பருமனுள்ள முண்ணாண் செல்கின்றது. மூளையிலிருந்து கைகால்களுக்குச் செல்லும் கட்டளைகளும், அவற்றிலிருந்து மூளைக்கு மீளும் உணர்ச்சிகளும் அதன் வழியே செல்வனவாம். பாய்ச்சலினால் நேரும் காயங்களிலே பெரும்பாலும் 5 ஆம், 6 ஆம் கழுத்தென்புகள் நொறுங்கி முண்ணாணை நசுக்குகின்றன. கைகாலில் முறிந்த எலும்பு சில மாதங்களிற் பொருந்திவிடும். நசுங்கிய முண்ணாணை முன்போல ஆக்கும் மருந்து இன்றளவும் கண்டுபிடிக்கப்படவில்லை. காயம் இன்னும் மேலே நேருமாயின் மூச்சை இயக்கும் பிரிமென்றகட்டின் நரம்பும் செயலிழக்கின்றது. அவ்விடத்திலேயே உயிர் பிரிதலும் கூடும்.

இதிலே மிகக் கொடியது ஒன்றுண்டு. கழுத்தொடிந்தவன் சில வேளைகளில் அறிவு தெளிந்தவனாகவே இருக்கின்றான். தான் முகங்குப்புற மிதப்பதை அறிகின்றான், திரும்பிப் படுக்க வேண்டும் என்று எண்ணுகின்றான், கைகால்கள் கேட்பதில்லை. கூவுவதற்கு வாய் நீருக்குமேல் இல்லை. வள்ளத்திலிருக்கும் தோழர்களோ, மூச்சடக்கி விளையாடுகின்றான் என்று சிரித்துக்கொண்டிருப்பர். இத்தகைய காயம் அடைவோரிற் பெரும்பாலோர் 15 முதல் 30 வயது வரையுள்ள ஆண்மக்கள் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். குடும்பத்தின் பாரத்தைத் தோளிலே ஏற்க வேண்டிய வயது அது. அவ்வயதிலே அவனையே பிறர் தூக்கி உட்கார வைக்க வேண்டிய நிலை வந்துவிடுகின்றது.

இனி, படகு என்னும் மேடையைப் பற்றிக் கருதுவோம். கரையிலுள்ள பாறையிலிருந்து பாய்பவனுக்குப் பாறை அசையாது துணை நிற்கின்றது. வள்ளம் அவ்வாறு நிற்பதில்லை. அவன் முன்னே உந்தும்போது அது பின்னே செல்கின்றது. இளைஞனின் நிறை 50 கிலோகிராம் என்றும், வள்ளமும் அதில் எஞ்சியிருப்போரும் சேர்ந்து 100 கிலோகிராம் என்றும் கொள்வோம். அவன் முன்னோக்கிச் செல்லும் வேகத்தில் ஏறக்குறையப் பாதி வேகத்தோடு வள்ளம் பின்னோக்கிச் செல்லும். காலுக்குக் கீழே தளம் நழுவுவதனால் அவனது பாய்ச்சல் குறுகுகின்றது. குறித்த கோணமும் தவறுகின்றது. தலைகீழாக விழுவோன் நேர் கீழாகவே விழுகின்றான். சில வேளைகளிலே கால் வழுக்கி, வள்ளத்தின் விளிம்பிலேயே தலையோ நாடியோ மோதுகின்றது.

பாய்வோனுக்கு மட்டுமா ஆபத்து? அவன் விளிம்பிலே ஏறி நிற்கும்போது வள்ளம் ஒருபுறம் சாய்கின்றது. அவன் குதித்ததும் மறுபுறம் துள்ளுகின்றது. வேடிக்கை பார்ப்பதற்காக எல்லோரும் ஒரே பக்கத்துக்கு நெருங்குவராயின் நீர் உள்ளே புகுந்து வள்ளம் கவிழும். குதிக்க எண்ணாதவரும், நீந்தத் தெரியாதவரும், மடியிலிருந்த குழந்தையும் நீருள் வீழ்வர். ஒருவனுடைய வேடிக்கைக்குப் பலர் விலை கொடுக்க நேரும்.

இயந்திரப் படகிலே இன்னோர் ஆபத்து உளது. பின்புறத்தில் நீரினுள்ளே சுழலும் விசிறி கண்ணுக்குத் தெரிவதில்லை. படகு ஓடும்போது முன்புறமாகிய அணியத்திலிருந்து ஒருவன் குதித்தால், படகு அவன் மேலேயே வந்து அவனை விசிறியின் வாயிற் கொண்டுசேர்க்கும். இயந்திரத்தை முற்றாக நிறுத்திய பின்னரன்றி எவரும் நீரில் இறங்குதல் ஆகாது. நீரிலிருப்பவர் ஏறும்போதும் இயந்திரம் நின்றிருத்தல் வேண்டும்.

குதித்தவன் மீண்டும் ஏற வேண்டுமன்றோ? இதனை முன்கூட்டி எண்ணுவோர் மிகச் சிலர். கோடையிலே பிற்பகல் வேளையில் சோளகக் காற்று பலமாக வீசும். கிழக்கு மாகாணத்தார் கச்சான் என்பதும் இக்கோடைக் காற்றையே. ஆட்கள் இறங்கியதனால் இலேசாகிவிட்ட வள்ளத்தை அது விரைவாகத் தள்ளிச் செல்லும். சிறந்த நீச்சற்காரனும் காற்றோடு போட்டியிட்டு வெல்வது அரிது. எட்டிப் பிடித்தாலும், களைத்த உடலை நீரிலிருந்து மேலே தூக்குவதற்குக் காலூன்ற இடமில்லை. பக்கவாட்டில் தொங்கி ஏற முயன்றால் வள்ளமே கவிழ்ந்துவிடும். எல்லோரும் ஒருங்கே குதித்துவிட்டு, வெறும் வள்ளம் காற்றோடு போவதைப் பார்த்து நிற்கும் நிலை மிகவும் இரங்கத்தக்கது.

நீரின் அடியைத் தொடாமல் தப்பியவனுக்கும் நீரினுள்ளே பகைகள் பலவுள. தாமரை, அல்லிக் கொடிகள் காலைச் சுற்றும். பதறி உதறும்தோறும் அவை மேலும் இறுகும். 1952 இல் திலாப்பியா மீன் நமது குளங்களில் விடப்பட்ட பின்பு குளத்து மீன்பிடி பெரிதும் வளர்ந்தது. மீனவர் மாலையிலே விரித்து விடியலிலே எடுக்கும் மெல்லிய வலைகள் நீரினுள் கண்ணுக்குத் தென்படா. நீர் திறந்திருக்கும்போது துருசின் வாயிலே இழுவை உண்டாகும். அதன் அருகே செல்பவனை நீர் பற்றி இழுத்து மதகோடு அழுத்திவிடும். உலர்வலயக் குளங்கள் பலவற்றிலே முதலைகளும் வாழ்கின்றன. மலைநாட்டிலோ குளிர் பகையாகின்றது. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே உள்ள நுவரெலியா போன்ற இடங்களிலே, வெயிலில் நின்று சூடேறிய உடல் திடீரெனக் குளிர்நீருள் மூழ்கும்போது மூச்சு தன்னையறியாமலே திடுக்கென உள்ளிழுக்கப்படும். அக்கணத்திலே வாய் நீருக்குள் இருக்குமாயின் காற்றுக்குப் பதில் நீரே நுரையீரலுட் புகும். மெல்ல இறங்கி உடலை நனைப்பவனுக்கு இவ்வதிர்ச்சி பெரிதும் குறைகின்றது.

இவ்வளவும் கேட்டபின், குளத்தையே நாடக்கூடாது போலும் என்று எவரும் எண்ணுதல் வேண்டா. நீரிலே மூழ்குவதையே தொழிலாகக் கொண்டிருந்த நம் முன்னோர் எவ்வாறு நீருட் சென்றனர் என்பதை எண்ணிப் பார்ப்போம். மன்னார்க் கடலிலே முத்துக்குளித்தோர் வள்ளத்திலிருந்து தலைகீழாகப் பாய்ந்தாரல்லர். கயிற்றிலே கட்டிய கல்லின்மேல் ஒரு காலை ஊன்றி, கால் கீழாக, நேராக இறங்கினர். மேலே வள்ளத்தில் ஒருவன் கயிற்றைக் கையிற் பிடித்துக்கொண்டு, அதன் அசைவிலேயே கண்ணுங் கருத்துமாயிருந்தான். குறிப்பு வந்ததும் இழுத்து மேலேற்றினான். கால் முன்னே, தலை பின்னே. மேலே ஒரு காவலன். கடலோடு பழகியவர் கைக்கொண்ட இம்முறையிலே நமக்கு வேண்டிய பாடம் அடங்கியிருக்கின்றது.

அதனை நமது குளத்துக்கு ஏற்றவாறு விரித்துச் சொல்வோம். முதலாவதாக, நீண்ட கோலினாலோ, கல் கட்டிய கயிற்றினாலோ ஆழத்தை அளந்து பாருங்கள். ஓரிடத்தில் மட்டுமன்றிச் சுற்றிலும் அளந்து பாருங்கள். அவ்வூர் மீனவரைக் கேட்டால் கல்லெங்கே, கட்டையெங்கே, முதலை எங்கே என்று சொல்லுவர். அவர் சொல்லைத் தட்டாதீர்கள். இரண்டாவதாக, முதன்முறை நீரிற் செல்லும்போது வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கால் கீழாக மெல்ல இறங்குங்கள். தலைகீழாகப் பாய்வதற்குக் குறைந்தது 9 அடி ஆழமாவது வேண்டுமென்று நீச்சல் பயிற்றுவோர் கூறுவர். அதுவும் தடையற்ற, அறிந்த நீருக்கே பொருந்தும். அடி தெரியாத குளத்திலே தலைகீழ்ப் பாய்ச்சலை அறவே விலக்குக. கால் கீழாகக் குதிப்பதும் முற்றிலும் தீங்கற்றதன்று. கட்டையிலே விழுந்தால் காலும் இடுப்பும் முறியும். ஆகவேதான் குதியாமல் இறங்குங்கள் என்கிறோம்.

மூன்றாவதாக, படகிலே எப்பொழுதும் நீந்தத் தெரிந்த ஒருவர் இருத்தல் வேண்டும். படகு நங்கூரமிட்டு நிற்றல் வேண்டும். நான்காவதாக, ஏறுவதற்கு ஓர் ஏணியோ, முடிச்சிட்ட கயிறோ முன்னதாகவே கட்டப்பட்டிருத்தல் நன்று. சிறு வள்ளத்திலே பின்புறமாக ஏறுவது கவிழும் ஆபத்தைக் குறைக்கும். ஐந்தாவதாக, வள்ளத்தில் இருப்போர் யாவரும் உயிர்காப்பு அங்கி அணிந்திருத்தல் வேண்டும். இறுதியாக, மது அருந்தியவர் நீர்ப்பக்கமே செல்லலாகாது. மது துணிவைப் பெருக்கி, மதிப்பிடும் ஆற்றலைக் குறைக்கின்றது. ஆழம் தெரியாத நீருக்கு இதனினும் பொருந்தாத துணை வேறில்லை.

இவ்வளவு எச்சரிக்கையையும் மீறி விபத்து நேர்ந்தால் என்ன செய்வது? பாய்ந்தவன் முகங்குப்புற மிதந்தால், அது விளையாட்டோ என்று ஆராய்ந்து நிற்காதீர்கள். உடனே அருகே இறங்கி, தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்குமாறு அவனை மெதுவாக மல்லாக்கத் திருப்புங்கள். கையைப் பிடித்து வெடுக்கென்று வள்ளத்துள் இழுத்தல் ஆகாது. ஒடிந்த என்பு அவ்விழுப்பிலேதான் முண்ணாணை அறுத்துவிடக்கூடும். மூச்சு இருக்குமாயின், நீரே அவன் உடலைத் தாங்கும்படி பிடித்துக்கொண்டு, உதவி வருமளவும் தலையை அசையாது வைத்திருங்கள். வெளியே எடுக்கும்போது பலகையொன்றின்மேல் கிடத்தி எடுத்தல் சிறந்தது.

மூச்சு இல்லையாயின் காத்திருத்தல் கூடாது. மூச்சைக் காப்பதே முதற்கடமை. விரைந்து வெளியே எடுத்து, கழுத்தைப் பின்னே வளைக்காமல் கீழ்த்தாடையை முன்னே தள்ளி வாயைத் திறந்து, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். பின்பு மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 வரையான வேகத்தில் 30 முறை அழுத்தி, 2 முறை ஊதி, இவ்வாறே தொடருங்கள். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் பழைய வழக்கங்கள். அவை பொன்னான நேரத்தை வீணாக்குவதோடு கழுத்துக் காயத்தையும் பெருக்கும். தோழர் ஒருவர் அந்நேரத்திலேயே 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வந்துசேரும். கழுத்து நோவுகின்றது, கைகால் விறைக்கின்றது என்று அவன் சொல்வானாயின், தானே எழுந்து நடந்தாலும், வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

நேயர்களே, இவ்விபத்துக்களிலே பல, “உனக்குத் துணிவு உண்டா?” என்னும் ஒரு கேள்வியிலிருந்தே பிறக்கின்றன. தோழர் சிரிப்பரே என்னும் கூச்சம், ஆழத்தை அளந்து பார்க்கும் பொறுமையைத் தின்றுவிடுகின்றது. வீட்டிலுள்ள பெரியோர் இளைஞரைத் தடுப்பதோடு நில்லாமல், ஏன் தடுக்கிறோம் என்பதையும் எடுத்துச் சொல்லுதல் வேண்டும். காரணம் அறிந்தவன் தனியே இருக்கும்போதும் கட்டுப்படுவான். விளையாட்டுக் கூட்டத்திலே ஒருவனாவது, “பொறு, முதலில் ஆழம் பார்ப்போம்” என்று கோலை எடுப்பானாயின் மற்றவர்களும் நின்று பார்ப்பர். அளப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். அதன்பின் கால் கீழாக இறங்கி, ஆசை தீர நீந்தி மகிழலாம்; மாலையிலே எல்லோரும் ஒன்றாகவே வீடு திரும்பலாம்.